ஏழாவது சாமிக்கு ஒரு திருத்தம்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனசுக்குள் ஊறி வந்ததெல்லாம் இல்லை. அலுவலகத்தில் ஏழு சாமிகள் தேவைப்பட்டன. என்னிடம் ஆறுதான் இருந்தன.

நான் விளையாட்டுப் புத்தகம் போடும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். குளிர்பெட்டி பழுதுபார்க்கும் கடைக்கு மேலே இரண்டு அறை, அவ்வளவுதான் நிறுவனம். ஐந்தாறு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக மாறிப் பேசி, பகடை உருட்டி, மணிக்கணக்கில் ஆடும் விளையாட்டு எங்களுடையது. அந்தப் பாத்திரங்கள் நடமாட ஓர் உலகம் வேண்டும். ஆறுகள், அரசர்கள், சந்தைகள், சண்டைகள். அதில் சாமிகளும் மதங்களும் என் பங்கு. யார் எதைக் கும்பிடுகிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள், செத்தால் எங்கே போவதாக நம்புகிறார்கள் என்பதையெல்லாம் நான்தான் எழுத வேண்டும். உறவுக்காரர்கள் கேட்டால் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன்.

விளையாட்டின் விதிகளை எழுதுபவர் எதிர் மேசைக்காரர். எல்லோரும் அவரை ‘விதி’ என்றே கூப்பிடுவோம். காலையில் அவர் நாற்காலி காலியாக இருந்தால் "விதி இன்னும் வரலையா?" என்று யாராவது கேட்பார்கள். "வரவேண்டிய நேரத்துல வரும்" என்று யாராவது பதில் சொல்வார்கள். பழைய ஜோக்தான், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் ஆறு சாமிகளும் விதிக்குப் பிடித்திருந்தன. மூழ்கிய பாலங்களின் சாமி. விதைக்குள் தூங்கும் சாமி. வழி தவறியவர்கள் கண்ணுக்கு மட்டும் தெரியும் விளக்குச் சாமி. ஒவ்வொன்றையும் படித்துவிட்டு அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சரி, இது பகடையில என்ன குடுக்கும்?" பாலச் சாமியைக் கும்பிட்டால் நீச்சலுக்கு இரண்டு புள்ளி கூடும். அவருக்குப் பக்தி அவ்வளவுதான்.

"ஏழாவது பயமா இருக்கணும்," என்றார். "ரத்தம், பல்லு, கொம்பு எல்லாம் வேணாம். அதெல்லாம் எல்லாரும் போட்டுட்டாங்க. ஆடி முடிச்சு வீட்டுக்குப் போன அப்புறமும் பயமா இருக்கணும்."

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். நாற்பது நிமிஷத்தில் எழுதி முடித்தேன். வேறெந்தச் சாமியும் அவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

[பொய். யோசித்தேன். ஐந்தாம் பகுதிவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.]

2.

இந்தக் கதைக்கு நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

‘அந்த ஊரில் யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை.’ நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது புத்தகத்துக்கான வரி. நடந்தது ஒரு ஆளுக்கு, அந்த ஆளிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

‘என் அக்காவுக்கு நாற்பத்து நான்கு வயது. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். அவளுக்கு’

இங்கே நின்றுவிட்டது. மூன்று நாள் இதே இடத்தில் நின்றது. அந்த ‘அவளுக்கு’ என்பதன் பின்னால் என்ன சொல் வரவேண்டும் என்று எனக்குத் தெரியும். விரல் போகவில்லை.

‘பயம் என்பது’ என்று ஒன்று. இப்படித் தொடங்கும் எதையும் நானே படிக்கமாட்டேன்.

ஆகவே சாமியையே முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் தைரியம் உண்டு.

ஏழாவது சாமியின் பெயர் கேட்பவர். உருவம் இல்லை, கோயில் இல்லை. அவர் செய்யும் ஒரே வேலை கேட்பது. மனிதர்கள் வாய்விட்டுச் சொல்லும் பயம் எதுவோ, அதை வேண்டுதல் என்று எடுத்துக்கொண்டு நிறைவேற்றிவிடுவார். அவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. பயத்துக்கும் ஆசைக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது, இரண்டும் குரலில் ஒரே நடுக்கத்தோடுதான் வருகின்றன. "மழை பொய்த்துவிடுமோ" என்றால் பொய்த்துவிடும். "பிள்ளை விழுந்துவிடப் போகிறான்" என்றால் விழுந்துவிடுவான். அதனால் அவரை நம்பும் ஊரில் யாரும் பயத்தைச் சொல்வதில்லை. எதிரே பார்த்தால் "ஒன்றுமில்லை" என்பார்கள். "எனக்கும் ஒன்றுமில்லை" என்று பதில் வரும். அதுதான் வணக்கம், அதுதான் பிரார்த்தனை. சாகக் கிடப்பவர் தலைமாட்டிலும் அதையேதான் சொல்வார்கள்.

விதி படித்து முடித்தார். பகடையில் என்ன கிடைக்கும் என்று கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இது எங்க வீடு மாதிரி இருக்கே," என்றார்.

3.

புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் தெரிந்தவர்களைக் கூப்பிட்டு ஆடிப் பார்ப்போம். எங்கே ஓட்டை இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். ஒரு வாரம் ஒரு ஆள் குறைந்தது. அக்காவைக் கூப்பிட்டேன்.

"இந்த வயசுல பொம்மை விளையாட்டா?" என்றாள்.

"சும்மா வந்து உட்காருக்கா. பேசினாப் போதும். உனக்கா பேச வராது?"

(அக்காவைப் பற்றி ஒரு குறிப்பு. அவள் வாய் ஓயாதவள். "இந்த ஃப்ரேம் வேணாம் சார், ஆந்தை மாதிரி இருக்கீங்க" என்று வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அவரையே சிரிக்கவைத்து வேறு ஃப்ரேமோடு அனுப்பிவைப்பாள். இப்படிப்பட்ட ஒருத்தி எதையாவது மறைப்பாள் என்று கதையில் எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் நம்பவில்லை.)

அவளுக்குக் கேட்பவரின் ஊரில் ஒரு நெசவுக்காரியின் பாத்திரம் கொடுத்தேன். பத்தே நிமிஷத்தில் மேசையே அவள் கைக்குப் போய்விட்டது. "ஒன்றுமில்லை" என்று சொல்வதற்கு முன் மூன்று விரலை உதட்டில் வைத்து எடுத்தாள். நான் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை.

"அது என்னக்கா?"

"வாய்க்குப் பூட்டு," என்றாள். "சும்மா ஒன்றுமில்லைன்னா பத்தாது பாப்பா. பூட்டிட்டுச் சொல்லணும்."

எனக்கு முப்பத்தெட்டு வயதாகிறது. இன்னும் அவளுக்குப் பாப்பாதான்.

அடுத்த வாரம் இன்னொன்றைச் சேர்த்தாள். "சொல்லியே ஆகணும்னு வந்தா என்ன பண்ணுவாங்க அந்த ஊர்ல? பாவம், மனுஷங்கதானே. அடுத்தவங்க கதையா சொல்லணும். ‘பக்கத்து வீட்டுக்காரிக்கு இப்படி’ன்னு. கேட்பவர் குழம்பிடுவார், யாருக்குக் குடுக்கறதுன்னு."

விதி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். இரண்டும் புத்தகத்தில் ஏறின. மூன்று விரல் சைகைக்கு நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் படமே உண்டு. அந்த மதத்தில் பாதி அக்கா எழுதியது. அட்டையில் அவள் பெயரையும் போடுவோம் என்றேன். வேண்டவே வேண்டாம் என்றாள்.

4.

நான்காவது ஞாயிறு, மூன்று மணி. ஜன்னலுக்குக் கீழே குளிர்பெட்டிக் கடைக்காரர் எதையோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். மேசையைச் சுற்றி ஐந்து பேர். நான் அன்று அந்த ஊர்ப் பூசாரி. அக்காவின் நெசவுக்காரி என்னிடம் வந்தாள். மூன்று விரலை உதட்டில் வைத்து எடுத்தாள்.

"ஐயா, பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு விஷயம்."

"சொல்லும்மா."

"குளிக்கும்போது கையில பட்டுச்சாம். பட்டாணி மாதிரி. அப்போ பட்டாணி. இப்போ கொஞ்சம் பெருசு."

"வலிக்குதா அவளுக்கு?"

"இல்லையாம். வலிச்சாக்கூடத் தேவலையாம். வலிக்காததுதான் அவளுக்கு என்னமோ பண்ணுதாம்."

கீழே சுத்தியல் நின்றுவிட்டிருந்தது. [இது நான் சேர்த்தது. சுத்தியல் நின்றதா என்று எனக்கு ஞாபகம் இல்லை.]

"வீட்டுல சொன்னாளா?"

"சொல்லலை. சொன்னா என்ன ஆகும்னு அவளுக்குத் தெரியும். அவ வீட்டுல ஒருத்தருக்கு அப்படித்தான் ஆச்சு. அதான் உங்களைக் கேட்டுட்டு வரச் சொன்னா. அவ என்ன பண்ணணும் ஐயா?"

பூசாரி இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. எழுதியவள் நான். சொன்னேன்:

"பேசாம இருக்கச் சொல்லு. பேசாத வரைக்கும் ஒன்றுமில்லை."

அக்காவின் தோள்கள் இறங்கின. பரீட்சை முடிந்து வெளியே வந்த பிள்ளை மாதிரி மூச்சு விட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். விதி தன் முன்கையை நீட்டிக் காட்டினார், மயிர் குத்திட்டு நின்றது.

இனிதான் கஷ்டமான இடம். எனக்குத் தெரிந்ததா, தெரியவில்லையா?

முதல் வரைவில் ‘எனக்கு எதுவும் புரியவில்லை’ என்று எழுதினேன். படிக்க நன்றாக இருந்தது, நான் நல்லவளாக இருந்தேன். இரண்டாவது வரைவில் ‘எல்லாம் புரிந்தும் சொன்னேன்’ என்று எழுதினேன். அதிலும் ஒரு கவர்ச்சி இருந்தது. பெரிய பாவியாக இருப்பதும் ஒரு அந்தஸ்துதானே. இரண்டையும் அடித்துவிட்டேன். நடந்தது இதுதான்: "அவ வீட்டுல ஒருத்தருக்கு" என்று அவள் சொன்னபோது எனக்குத் தெரிந்தது. பகடை உருண்டு நிற்கிற நேரம் அளவுக்குத் தெரிந்தது. அதற்குள் எல்லோர் கண்ணும் பூசாரியின் பதிலுக்குக் காத்திருந்தன. தெரிந்ததைத் தெரியாததாக ஆக்கிக்கொண்டேன். ஆறு மாதம் அதை அப்படியே வைத்திருந்தேன்.

5.

அப்பா பஸ் ஓட்டினார். அவர் படுத்தபோது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினைந்து. எங்கள் வீட்டில் அவருடைய நோய்க்குப் பெயர் கிடையாது. அது அம்மா வைத்த சட்டம். பார்க்க வந்தவர்களிடம் "ஒண்ணுமில்ல, கொஞ்சம் சோர்வு" என்பாள். மருந்துப் புட்டிகளின் மேல் ஒட்டியிருந்த தாளைக்கூடக் கிழித்துவிட்டுத்தான் அலமாரியில் வைப்பாள். அப்பாவும் எதுவும் கேட்டதில்லை. அவருக்குத் தெரியுமா என்று எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியுமா என்று அவருக்குத் தெரியாது.

ஒரு நாள் மாடிப்படியில் இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு இறங்கினார்கள். அவர்கள் வாயிலிருந்து ஒரு புதுச் சொல் என் காதில் விழுந்தது. ஒன்பது வயதில் புதுச் சொல் கிடைத்தால் சும்மா இருக்க முடியுமா? நேரே அப்பாவிடம் போனேன். அவர் பால் குடித்துக்கொண்டிருந்தார். அக்கா கதவோரம் நின்றிருந்தாள்.

"அப்பா, உங்களுக்கு..."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதில் அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பதினோராம் நாள் அப்பா இறந்துபோனார்.

அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டே, "சொல்லிட்டியே பாப்பா," என்றாள். வாழ்நாளில் அந்த ஒரே முறைதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

நோய் முற்றியிருந்தது. நான் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அதே பதினொரு நாள்தான். இது எனக்குத் தெரியும். என் வயிற்றுக்குத் தெரியாது. யாராவது சத்தமாக ஒரு நோயின் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் அது சுருண்டுகொள்கிறது.

ஆக, கேட்பவரை நான் உருவாக்கவில்லை. எங்கள் வீட்டில் ஏற்கெனவே குடியிருந்தவருக்கு ஒரு பெயர் வைத்தேன். சட்டதிட்டங்களைத் தொகுத்து எழுதினேன். அக்கா முதல் நாளே அவரை அடையாளம் கண்டுகொண்டிருக்கிறாள்.

6.

புத்தகம் அச்சாகிக் கடைகளுக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. சனிக்கிழமை காலை மாமா மாடிக்கு வந்தார். மாமா என்றால் அக்காவின் கணவர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். அவர்கள் கீழே இருக்கிறார்கள், நான் மாடி அறையில் இருக்கிறேன். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கீழே நின்று விசில் அடிப்பார். படியேறி வந்ததே இல்லை.

"பாப்பா, உங்க அக்கா துணி காயப்போட மாட்டேங்கிறா."

நான் சிரித்தேன். "நீங்க போடுங்களேன் மாமா."

"நான்தான் போடுறேன். அது இல்ல விஷயம். இடது கையைத் தூக்க மாட்டேங்கிறா. தலை வாரக்கூட ஒத்தக் கைதான். கிட்டப் போனா நகர்ந்துக்கிறா. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லங்கிறா."

"அக்கா எப்பவும்..."

"இல்ல பாப்பா. இப்படி வச்சுக்கிட்டுச் சொல்றா." மாமா மூன்று விரலைத் தன் உதட்டில் வைத்துக் காட்டினார். "என்ன அது? எங்க கத்துக்கிட்டா?"

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் படம் மாமாவின் முகத்தில் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். மாமா தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அவரிடம் எதுவும் சொல்லவில்லை. வாய் வரவில்லை என்பதுதான் சரி.

அக்கா வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்குப் போனேன். கண் பரிசோதிக்கும் அறை ஒரு ஆள் நீட்டிப் படுக்கக்கூட இடமில்லாத அளவு சின்னது. விளக்கை அணைத்தால் எதிர்ச்சுவரில் எழுத்துப் பலகை மட்டும் வெளிச்சமாகத் தெரியும். "உன் பவர் மாறியிருக்கும், உட்காரு," என்று என்னை நாற்காலியில் உட்காரவைத்து, கனமான சோதனைக் கண்ணாடியை மூக்கில் மாட்டினாள். வலது கையால் மட்டும்.

"அக்கா, பக்கத்து வீட்டுக்காரி எப்படி இருக்கா?"

கை ஒரு நொடி நின்றது. பிறகு லென்ஸை மாற்றினாள். "இதுல தெளிவா, இதுலயா?"

"அக்கா."

"ஒண்ணா, ரெண்டா? சொல்லு."

"இப்போ எலுமிச்சை அளவு இருக்குமா?"

"வாயை மூடு பாப்பா." அவள் குரலை நான் அப்படிக் கேட்டதே இல்லை. "இங்கே வேணாம். எங்கேயும் வேணாம்."

"அது நான் எழுதினதுக்கா! மதியம் சாப்பிட்டுட்டு வந்து நாற்பது நிமிஷத்துல எழுதினேன். கேட்பவர்னு யாரும் கிடையாது. சம்பளத்துக்கு எழுதினது."

"நீ எழுதினேன்னு எனக்குத் தெரியாதா?" இருட்டில் அவள் முகம் தெரியவில்லை. "உன்னை எழுத வச்சது யாரு?"

சோதனைக் கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன்.

லென்ஸ் பெட்டியை மூடும் சத்தத்தோடு சேர்த்து, மெதுவாகச் சொன்னாள்: "அப்பாவைச் சொன்னே. பதினொரு நாள். என்னையும் சொல்லிடாத பாப்பா."

7.

ஒரு வரைவில் மாமா அவளைக் குண்டுக்கட்டாகத் தூக்கி வண்டியில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். விறுவிறுப்பாக இருந்தது. ஆனால் அங்கே போய் அவள் டாக்டர் முன்னால் மூன்று விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தொடவும் விடமாட்டாள். அக்காவை எனக்குத் தெரியும்.

அதனால் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். திங்கட்கிழமை விதி வருவதற்கு முன்பே போய் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன்.

"ஒரு திருத்தம் வேணும்."

"புத்தகம் போய் ரெண்டு மாசம் ஆச்சு. இப்போ என்ன திருத்தம்?"

"கேட்பவருக்குப் படிக்கத் தெரியாது."

அவர் பையைக்கூட இறக்காமல் யோசித்தார். "அப்போ அந்த ஊர்க்காரங்க வேதமெல்லாம் எழுதி வச்சிருக்காங்களே?"

"அதனாலதான் எழுதி வச்சிருக்காங்க. வாயால சொன்னாத்தான் அவருக்குக் கேக்கும். எழுத்து அவருக்கு வெறும் கோடு. எழுதிக் குடுக்கலாம், அடுத்தவங்க படிக்கலாம், வைத்தியம் பண்ணிக்கலாம். ஒண்ணும் ஆகாது."

விதி என்னை நிமிர்ந்து பார்த்தார். "யாருக்கு?"

"பக்கத்து வீட்டுக்காரிக்கு."

நான்கு ஞாயிறும் ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர் அவர். வேறெதுவும் கேட்கவில்லை. உட்கார்ந்து தட்டச்சு செய்தார். நிறுவனத்தின் பெயர் போட்ட தாளில் அச்செடுத்து, தேதியிட்டு, கையெழுத்தும் போட்டார். மேலே ‘திருத்தம் நான்கு’ என்று இருந்தது.

"முதல் மூணு எங்கே?"

"அது மெதுவா எழுதிக்கலாம். நாலுன்னு இருந்தா நம்புவாங்க." தாளை நீட்டினார். "சீக்கிரம் போங்க."

அக்கா அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மூன்று முறை படித்தாள். படிக்கும்போது உதடு அசைவது அவள் பழக்கம். அன்று அசையவில்லை.

"விதி ஒத்துக்கிச்சா?"

"ஒத்துக்கிச்சு. கையெழுத்தைப் பாரு."

"இது எனக்காக நீ எழுதினது."

"ஆமா. அதையும் நான்தான் எழுதினேன், இதையும் நான்தான் எழுதினேன். அதை நம்பினே இல்ல?"

தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். அது இரண்டு முறை இருமி மூன்றாம் முறை கிளம்பிப் போகும்வரை அக்கா அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேனா குடு," என்றாள்.

8.

டாக்டர் ஒரு பெண். ஜலதோஷம் பிடித்திருந்தது. அக்கா நான்காக மடித்த தாளை மேசைமேல் வைத்து அவர் பக்கம் தள்ளினாள். இதைப் பற்றி டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க எனக்குத் தோன்றவில்லை. அவர் தாளைப் பிரித்தார். சத்தமாகப் படித்துவிட்டார்.

"‘இடது மார்பில் கட்டி. பெரிதாகிறது.’ ஏம்மா, இதை வாயால சொன்னா என்ன?"

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது. நான் கூரையைப் பார்த்தேன். ஏன் கூரை என்று கேட்காதீர்கள். கேட்பவர் மேலே இருக்கிறார் என்று நான் எங்கேயும் எழுதவில்லை.

திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோய்ச் சோதித்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "இப்பவே உறுதியா சொல்ல முடியாது. கேன்சரா இருக்கலாம். ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்து டெஸ்ட் பண்ணிடுவோம்," என்றார், கடையில் காய் விலை சொல்கிற குரலில்.

ஓடியது நான்தான். நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது, அதற்குள் வராந்தாவில் இருந்தேன். மாமா கழுத்து விசிலைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி சுவரில் சாய்ந்திருந்தார். பின்னால் கதவு முழுசாக மூடவில்லை. அக்காவின் குரல் வந்தது.

"டாக்டர், இன்னொரு தடவை சொல்லுங்க."

டாக்டர் சொன்னார்.

"கேன்சர்," என்றாள் அக்கா. பலகையின் கடைசி வரியில் இருக்கும் மிகச் சின்ன எழுத்தைப் படிக்கிற மாதிரி, நிதானமாக. பிறகு இன்னொரு முறை.

இந்தச் சொல்லை இந்தக் கதையில் எழுத எனக்கு ஒன்பது நாள் ஆனது. எழுதுவதற்கு முன் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். ஆகவே, அந்த மதத்தில் கடைசிவரை இருந்தது யார் என்று உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும்.

டெஸ்ட்டில் தெரிந்தது, அது அதுவேதான். அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது. "இந்த மண்டைக்கு வட்ட ஃப்ரேம்தான் எடுப்பா இருக்கும்," என்று கடைக் கண்ணாடி முன்னால் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தாள். இப்போது வாரத்தில் மூன்று நாள் வேலைக்குப் போகிறாள். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் இவ்வளவு வெட்டியிருக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். யாரையும் குறை சொல்கிற மாதிரிச் சொல்லவில்லை. ஆறு மாதம் என்பது எந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றிப் பேசியிருக்கிறோம். ஒரு முறை கத்தியும் பேசியிருக்கிறோம்.

9.

முடிவுக்கு வருகிறேன். இரண்டு எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அக்கா மாடிக்கு வந்து, இடது கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கொடியில் துணி காயப்போடுகிறாள். வெயில் அடிக்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் கை இன்னும் அவ்வளவு தூக்க வரவில்லை. நடக்காததை எழுத மனசில்லை.

இன்னொன்றில் ஏமாந்துபோன கேட்பவர் வேறொருவரைத் தேடிப் போகிறார். யாரை என்று யோசிக்கும்போதே அழித்தேன். அழித்த பிறகும் கோப்பை இரண்டு முறை திறந்து பார்த்தேன், போய்விட்டதா என்று.

இந்த இரண்டையும் கைவிட்டுக் கதையை அலமாரியில் வைத்துவிட்டேன். மூன்று வாரம் முன்பு நிறுவனத்தின் வாசகர் முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. பெயர் இல்லை, ஊர் இல்லை. அதை விதி அச்செடுத்து, என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

‘உங்கள் ஏழாவது சாமி எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வாராவாரம் ஆடுகிறோம். வீட்டில்கூட இப்போதெல்லாம் ஒன்றுமில்லை என்றுதான் வணக்கம் சொல்லிக்கொள்கிறோம், வேடிக்கைக்காக. புத்தகத்தில் இல்லாத ஒரு சந்தேகம். என் பக்கத்து வீட்டுக்காரி கேட்கச் சொன்னாள். அவளுக்குக் கழுத்தில் ஒன்று வந்திருக்கிறது. அவள் பேசாமல் இருப்பது சரிதானே?’

நான்கு முறை பதில் எழுதிவிட்டோம். எதுவும் வரவில்லை. திருத்தம் நான்கு இரண்டாம் பதிப்பில்தான் இருக்கிறது. அவரிடம் இருப்பது முதல் பதிப்பு. அது போன கடைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு விதி ஒவ்வொரு கடையாகக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார். யாருக்கும் ஞாபகமில்லை. அக்காவிடம் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். "கதை எழுதிட்டிருந்தியே, அதை முடி. கண்ணுல படுற மாதிரி எங்கேயாவது போடு. என் விஷயம் எல்லாத்தையும் எழுது, பரவாயில்ல," என்றாள்.

அதனால்தான் இது இப்போது உங்கள் கையில் இருக்கிறது. மற்றவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். மீதி ஒருவருக்கு மட்டும்.

உங்கள் புத்தகத்தில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை எடுங்கள். படத்துக்குக் கீழே இடம் இருக்கிறது. ‘கேட்பவருக்குப் படிக்கத் தெரியாது’ என்று உங்கள் கையால் எழுதிக்கொள்ளுங்கள். அவரை எழுதியவள் நான், எனக்கு அந்த அதிகாரம் உண்டு. பூசாரி சொல்கிற பதிலை அடித்துவிடுங்கள். அதைச் சொன்ன பூசாரியும் நான்தான். அது தப்பு.

கட்டி என்று வருவதெல்லாம் அதுவாகவே இருக்க வேண்டும் என்றில்லை, பல தடவை சாதாரணமான வேறு ஏதோதான் என்று டாக்டர் சொன்னார். பார்த்தால்தான் தெரியும். வாய் வராவிட்டால் தாளில் எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்காரி என்றே எழுதுங்கள், அங்கே யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சத்தமாகப் படித்தாலும் படிப்பார்கள். படித்தால் உட்கார்ந்தே இருங்கள். என்னைப் போல ஓடாதீர்கள்.

எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. இதை எழுதும்போதும் ஜன்னல் சாத்தித்தான் இருக்கிறது. என்னால் உங்களை அந்த வாசல்வரைதான் கொண்டுவந்துவிட முடியும். உள்ளே மேசைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பார். தலை நிமிராமல், பேனா மூடியைத் திறந்துகொண்டே, முதலில் ஒரு கேள்வி கேட்பார். அதற்கு மட்டும் பதிலை யோசித்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள். இந்தக் கதையில் அடுத்த வரி உங்களுடையது.

"எத்தனை நாளா இருக்கு?"